தாத்தா கொண்டுவந்த சிலோன் ரூபாய்க்கு என்ன கணக்கு?

கேள்வி: ஐயா, நாங்கள் கோத்தகிரி பக்கம். எங்கள் தாத்தாவும் அவருடைய தம்பியும் இலங்கையில் நுவரெலியா பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். தாத்தா 1975 மார்ச்சில் கப்பல் ஏறினார். சின்னத் தாத்தா 1978 ஆகஸ்டில் வந்தார். தாத்தாவின் சேமலாப நிதித் தாளில் (அங்கே பி.எஃப்.புக்கு அதுதான் பெயர்) ரூ. 3,850.40 என்று இருக்கிறது. சின்னத் தாத்தாவுடையதில் ரூ. 4,612.75. இருவரும் சேர்ந்து 1979இல் 70 சென்ட் தேயிலை வாங்கினார்கள். பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் உண்டு, யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதவில்லை. இப்போது பாகம் பிரிக்கப் பேசும்போது, சின்னத் தாத்தாவின் பேரன், எனக்குத் தம்பி முறை, "எங்க தாத்தா கொண்டாந்ததுதான் அதிகம்" என்கிறான். என் அண்ணன் செல்போனில் போட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேர் கொண்டு வந்ததும் ஆயிரத்துச் சொச்சம்தான், அதுக்கு எதுக்குச் சண்டை" என்கிறார். அந்தக் காலத்தில் சிலோன் ரூபாய் ஒன்றுக்கு நம் பணம் எவ்வளவு? யார் சொல்வது சரி? தாத்தாவின் சேமலாப நிதிக் கணக்கில் மீதி இருந்தால் இப்போது கேட்க முடியுமா?

பதில்: இரண்டு பேர் கணக்குமே தப்பு. 1975 மார்ச்சில் இலங்கை ரூபாய் ஒன்றுக்கு இந்திய ரூபாய் சுமார் 1.20. 1978 ஆகஸ்டில் சுமார் 52 காசு. அதன்படி உங்கள் தாத்தாவின் 3,850 ரூபாய் இங்கே ஏறத்தாழ 4,620 ரூபாய். சின்னத் தாத்தாவின் 4,612 ரூபாய் இங்கே ஏறத்தாழ 2,420 ரூபாய். தாளில் பெரிய எண் அவருடையது, பையில் பெரிய பணம் உங்கள் தாத்தாவுடையது. இதில் ஒரு "ஆனால்" இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், கீழே வருகிறது.

அண்ணன் செய்தது பலரும் செய்வது. செல்போன் காட்டுவது இன்றைய விகிதம். இன்று இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் மூன்றரை அளவில் வருகிறது. அதை ஐம்பது வருடத்துக்கு முந்தைய தொகையின் மேல் போட்டால் 3,850 என்பது 1,100 ஆகிவிடும். 2022இல் இலங்கையில் நடந்த நெருக்கடியின் சுமையையும் சேர்த்து 1975இல் கப்பல் ஏறிய மனிதரின் தலையில் வைப்பதுதான் அது. அந்த ஒரு வருடத்தில் மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் மட்டும் டாலருக்கு 200 அளவில் இருந்த இலங்கை ரூபாய் 360 வரை இறங்கியது. உங்கள் தாத்தாவின் பணத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

தம்பியின் தப்பு வேறு. இரண்டு நாட்டிலும் பெயர் "ரூபாய்" என்பதால், இரண்டு தாள்களிலும் இருப்பது ஒரே பணம் என்று எண்ணிவிட்டார். ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. குழப்பமே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இலங்கையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்திய ரூபாய்தான் புழங்கியது. 1872 முதல் அங்கே ரூபாயை நூறு சதமாகப் பிரித்துக் கணக்கு எழுதினார்கள். இந்தியாவில் 1957 ஏப்ரல் வரை அணா, அதன்பின் பைசா. ஆகவே வீட்டில் இருக்கும் பழைய தாளில் "சதம்" என்றிருந்தால் அது இலங்கைப் பணம், அணா என்றிருந்தால் இந்தியப் பணம். எந்த நாட்டு ரூபாய் என்று தெரியாத தாள்களை முதலில் இப்படிப் பிரித்து வையுங்கள். இலங்கை மத்திய வங்கி 1950 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் நாணயச் சபை வெளியிட்ட இலங்கை ரூபாய் இந்திய ரூபாயோடு ஒன்றுக்கு ஒன்று கட்டப்பட்டிருந்தது. வங்கி வந்த பிறகும் விகிதம் மாறவில்லை. 1949 செப்டம்பரில் பவுண்டு இறங்கியபோது இரண்டும் கூடவே இறங்கி, டாலருக்கு 4.76 ரூபாய் என்ற ஒரே இடத்தில் நின்றன. பவுண்டுக்கு இங்கேயும் 13.33, அங்கேயும் 13.33.

இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்வதற்கான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தானபோது நிலைமை இதுதான். அந்த ஒப்பந்தத்தில் தாயகம் திரும்புவோர் பணம் பற்றி ஒரு வரி இருக்கிறது. சேமலாப நிதி, பணிக்கொடை உட்பட எல்லாச் சொத்தையும் கொண்டுபோகலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது. இதைப் பலர் "குடும்பத்துக்கு 4,000 ரூபாய் கொடுத்தார்கள்" என்று சொல்கிறார்கள். யாரும் கொடுக்கவில்லை. அவரவர் உழைத்த பணத்தைக் கொண்டுபோக வைத்த வரம்பு அது, அந்த வரம்புக்கும் ஒரு அடிமட்டம். சின்னத் தாத்தாவின் தாளில் 4,612 இருப்பதில் முரண் ஏதும் இல்லை.

அந்த நாலாயிரத்தையே அளவுகோலாக வைத்துப் பாருங்கள், விகிதத்தின் கதை முழுக்கத் தெரியும். ஒப்பந்தம் போட்ட நாளில் இலங்கையின் 4,000 இங்கேயும் 4,000. 1966 ஜூன் 6இல் இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலர் 4.76இலிருந்து 7.50 ஆனது. இலங்கை அப்போது அசையவில்லை. ஒரே இரவில் இலங்கை ரூபாய் ஒன்று, இந்திய ரூபாய் 1.575. நாலாயிரம் இங்கே 6,300 ஆகிவிட்டது. அடுத்த வருடம் நவம்பரில் பிரிட்டன் பவுண்டைக் குறைத்தபோது இந்தியா கூடப் போகவில்லை, இலங்கை போனது. பவுண்டை விடவும் அதிகமாக, 20 விழுக்காடு குறைத்தது. அங்கே டாலர் 5.95. விகிதம் 7.50ஐ 5.95ஆல் வகுத்தால் 1.26. நாலாயிரம் 5,040 ஆனது.

எழுபதுகளின் தொடக்கத்தில் உலகமே நிலையான விகிதங்களை விட்டுக்கொண்டிருந்தது. இந்திய ரூபாய் 1971 டிசம்பரில் பவுண்டோடு கட்டப்பட்டது. இலங்கை ரூபாய் சில மாதம் டாலரோடு இருந்துவிட்டு 1972 ஜூலையில் பவுண்டுக்கு 15.60 என்று திரும்பி வந்தது. ஆக 1972 நடுவிலிருந்து 1975 செப்டம்பர் வரை இரண்டு ரூபாயும் பவுண்டின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்றாகவே ஏறின, ஒன்றாகவே இறங்கின. டாலருக்கு எதிரே இரண்டும் ஆடினாலும், ஒன்றுக்கொன்று பார்த்தால் 1.20 சொச்சத்தில் ஏறக்குறைய அசையாமல் நின்றன. உங்கள் தாத்தா வந்தது இந்தக் காலத்தில். மார்ச் மாதத்து நாள் சரியாகத் தெரியாவிட்டாலும் 1.20 என்பதில் பெரிய பிழை வராது என்று நான் தைரியமாகச் சொல்வது அதனால்தான்.

1975 செப்டம்பரில் இந்தியா பவுண்டை விட்டுப் பல நாணயங்களின் கூடைக்கு, அதாவது பல நாட்டுப் பணங்களைச் சேர்த்துப் பார்க்கும் கணக்குக்கு, மாறியது. இலங்கை 1976 மே மாதத்தில் மாறியது. இடைப்பட்ட மாதங்களில் பவுண்டு சரிந்தபோது இலங்கை ரூபாயும் அதோடு இறங்கியது. 1976இன் சராசரி விகிதம் 1.06 அளவுதான்.

இனி 1977. இந்த ஒரு வருடத்தில்தான் எல்லோரும் இடறி விழுகிறார்கள். மார்ச்சில் இலங்கை தன் ரூபாயின் மதிப்பைச் சுமார் 20 விழுக்காடு கூட்டியது. டாலர் அங்கே ஏழு ரூபாய் சொச்சத்துக்கு வந்தது. ஜூலையில் ஆட்சி மாறி ஜே. ஆர். ஜெயவர்தன பிரதமரானார். நவம்பரில் விகிதத்தைக் கட்டுப்பாட்டிலிருந்து அவிழ்த்து, டாலருக்கு 16 ரூபாய் என்று புதிதாகத் தொடங்கினார்கள். இந்தியாவில் அந்த மாதம் டாலர் எட்டரை ரூபாய் பக்கம். அதாவது 1977 அக்டோபரில் இலங்கை ரூபாய் ஒன்றுக்கு இங்கே ஒரு ரூபாய்க்கு மேல், டிசம்பரில் ஐம்பது காசுக்குக் கொஞ்சம் மேல். அந்த வருடச் சராசரியை எடுத்துப் பார்த்தால் இந்தியாவில் டாலர் 8.74, இலங்கையில் 8.87, வகுத்தால் 0.985. "அட, ஒன்றுக்கு ஒன்று" என்று தோன்றும். உண்மையில் 1977 மார்ச்சுக்குப் பிறகு அந்த விகிதத்தை ஒட்டிப் பணம் மாற்றியவர் அநேகமாக ஒருவரும் இருக்க முடியாது. நவம்பருக்கு முன் மாற்றியவர்கள் அதற்கு மேலே, பின் மாற்றியவர்கள் அதில் ஏறத்தாழ பாதியில். சராசரி என்பது சில வருடங்களில் யாருமே நடக்காத பாதை.

1978க்கு இந்தச் சிக்கல் இல்லை. வருடம் முழுக்க இலங்கையில் டாலர் 15.60 அளவில், இங்கே 8.19 அளவில் நின்றது. வகுத்தால் 0.525. சின்னத் தாத்தாவின் 4,612.75ஐ இதனால் பெருக்கினால் 2,421 ரூபாய் சொச்சம். ஒப்பந்தத்தின் நாலாயிரம் அந்த வருடம் 2,100. 1984க்கு வரும்போது 1,790 கூட இல்லை. ஒப்பந்தத்தில் எழுதிய எண் மாறவே இல்லை, அதன் உள்ளே இருந்தது மட்டும் கரைந்துகொண்டே வந்தது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் பந்தலூரிலும் முன்னால் வந்த குடும்பத்துக்கும் பின்னால் வந்த குடும்பத்துக்கும் நடுவே கைப்பணத்தில் இருந்த வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு காரணம். பின்னால் வந்தவர் குறைவாகச் சேர்த்தார் என்று பொருள் இல்லை.

இந்தக் கணக்கை நீங்களே சரிபார்க்க விரும்பினால் முறை எளிது. இலங்கை ரூபாய்க்கும் இந்திய ரூபாய்க்கும் நேர் விகிதம் தேடி அலைய வேண்டாம். ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டில் டாலர், பவுண்டு, யென் உண்டு, இலங்கை ரூபாய் இல்லை. டாலருக்கு இங்கே எத்தனை, டாலருக்கு அங்கே எத்தனை என்று இரண்டு எண்ணை எடுங்கள். இங்கத்திய எண்ணை அங்கத்திய எண்ணால் வகுங்கள். வருவது இலங்கை ரூபாய் ஒன்றின் இந்திய மதிப்பு. சர்வதேச நாணய நிதியத்தின் பழைய வரிசைகளில் இரண்டு நாட்டுக்கும் ஒரே முறையில் தொகுத்த எண்கள் கிடைக்கும்.

வகுக்கும்போது மூன்று இடத்தில் கை தவறும். ஒன்று, தலைகீழாக வகுப்பது, 1978க்கு 0.525 வராமல் 1.905 வரும், அதைக் கொண்டு பெருக்கினால் சின்னத் தாத்தா எட்டாயிரத்துச் சொச்சம் கொண்டுவந்தவர் ஆகிவிடுவார். அடுத்தது, நிதியாண்டுச் சராசரியையும் நாட்காட்டி ஆண்டுச் சராசரியையும் கலப்பது. ரிசர்வ் வங்கி இரண்டு விதமாகவும் தரும், இலங்கையின் எண்கள் ஜனவரி முதல் டிசம்பர் வரை. மூன்றாவதாக, ஒரு நாட்டுக்கு ஆண்டுச் சராசரியும் மற்ற நாட்டுக்கு ஆண்டு இறுதி விகிதமும் எடுப்பது. விகிதம் அமைதியாக இருந்த 1974இல் இதனால் பெரிய கேடு இல்லை. 1977இல் எடுத்தால் கணக்கே கவிழ்ந்துவிடும்.

பழைய வங்கித் தாள் கையில் இருந்தால் இன்னொரு கண்ணி. 1993 ஆகஸ்ட் வரை இந்திய வங்கிகள் விகிதத்தை இன்று எழுதுவதுபோல எழுதவில்லை. நூறு இந்திய ரூபாய்க்கு இத்தனை வெளிநாட்டுப் பணம் என்று எழுதும் வழக்கம். 1975 தாளில் 83 சொச்சம் என்று ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு "சிலோன் ரூபாய்க்கு 83 காசுதான் கொடுத்திருக்கிறான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நூறு இந்திய ரூபாய் வாங்க 83 இலங்கை ரூபாய் போதும் என்று அர்த்தம். அதுதான் 1.20. 1978 தாளில் அதே இடத்தில் 190 சொச்சம் இருக்கும்.

இப்போது மேலே சொன்ன "ஆனால்".

இலங்கையில் 1968 மே முதல் 1977 நவம்பர் வரை ஒரு விகிதம் இல்லை, இரண்டு இருந்தன. அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் என்று ஒரு திட்டம். உணவு போன்ற அத்தியாவசிய இறக்குமதிக்கும், தேயிலை, ரப்பர், தேங்காய் ஏற்றுமதிக்கும் அடிப்படை விகிதம். மற்ற பலவற்றுக்கு அடிப்படை விகிதத்தின் மேல் சான்றிதழுக்கான மேல்பணம். தொடக்கத்தில் 44 விழுக்காடு, பிறகு 55, 1972 நவம்பர் முதல் 65. நான் மேலே உங்கள் தாத்தாவுக்குப் போட்ட கணக்கு அடிப்படை விகிதத்தில். அவருடைய பணம் மேல்பண விகிதத்தில் மாறியிருந்தால் 3,850.40ஐ முதலில் 1.65ஆல் வகுக்க வேண்டும், பிறகு 1.20ஆல் பெருக்க வேண்டும். 2,800 ரூபாய்தான் வரும். சின்னத் தாத்தா வந்தபோது அந்தத் திட்டமே இல்லை, ஆகவே அவருடைய 2,420இல் இந்தச் சந்தேகம் கிடையாது.

4,620ஆ 2,800ஆ என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது, உங்கள் வீட்டுத் தாள்தான் சொல்லும். தேட வேண்டியது சேமலாப நிதித் தாளை இல்லை. அது தோட்டக் கணக்கில் என்ன சேர்ந்திருந்தது என்பதை மட்டும் காட்டும். வேண்டியது இந்தியக் கரையில் பணம் கைக்கு வந்ததற்கான தாள்: வங்கி டிராஃப்டின் அடிக்கட்டை, வங்கி அனுப்பிய தகவல் சீட்டு, இங்கே முதலில் போட்ட சேமிப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் வரவு. தாத்தாவின் பாஸ்போர்ட் இருந்தால் கடைசிப் பக்கங்கள் வரை புரட்டுங்கள். அந்தக் காலத்தில் எடுத்துச் செல்லும் செலாவணியைப் பாஸ்போர்ட்டிலேயே எழுதி முத்திரை போடும் வழக்கம் இருந்தது. இங்கே வந்ததும் தங்கவைத்த முகாமில் கொடுத்த குடும்ப அட்டையில் வந்து இறங்கிய தேதி இருக்கும். அதையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இறங்கிய தேதியும் பணம் மாறிய தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. டிராஃப்ட் சில வாரம் முன்பே எடுத்திருக்கலாம், நிதிப் பணம் சில மாதம் கழித்து வந்திருக்கலாம். உங்கள் இரண்டு தாத்தாக்களுக்கும் அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. 1977 கடைசியில் வந்த குடும்பங்களுக்கு அந்தச் சில வாரத்தில் பணம் பாதியாகியிருக்கும்.

கார்பன் எழுத்து மங்கிய தாளை ஜெராக்ஸ் எடுத்தால் இருக்கிற எழுத்தும் போய்விடும். பகல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுமாறு வைத்துச் செல்போனில் படம் எடுங்கள், அழுத்தி எழுதிய தடம் தெரியும். நம் மலை ஈரத்தில் ஐம்பது வருடம் கிடந்த தாளை லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். சூட்டில் மை கலங்கும், பிறகு அதைத் திறக்கவும் முடியாது.

விகிதம் வேறு, அந்தப் பணத்துக்கு இங்கே என்ன வாங்க முடிந்தது என்பது வேறு. 1975இல் பத்து கிராம் தங்கம் ஏறத்தாழ 540 ரூபாய், 1978இல் ஏறத்தாழ 685. எட்டு கிராம் பவுன் கணக்கில் பார்த்தால் தாத்தாவின் 4,620 பத்தரைப் பவுனுக்கு மேல், 2,800 என்று வைத்தாலும் ஆறரைப் பவுன். சின்னத் தாத்தாவின் 2,420 நாலரைப் பவுனுக்கும் சற்றுக் குறைவு. நம் வீடுகளில் பெரியவர்களுக்கு இப்படிச் சொன்னால்தான் சட்டென்று புரியும். (பவுண்டு நாணயத்தின் பெயர்தான் நம் வாயில் பவுன் ஆனது. இரண்டு ரூபாயும் பிடித்துத் தொங்கிய அதே பவுண்டு.) இந்தப் பவுன் கணக்கு வீட்டில் பேச உதவும். பாகப்பிரிவினைக்கு உதவாது.

பாகப்பிரிவினைக்கு எது உதவும்? 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 45ஆவது பிரிவு உங்கள் விஷயத்தையே பேசுகிறது. இரண்டு பேர் தனித்தனியே தங்கள் பணத்தைப் போட்டு ஒரு நிலம் வாங்கி, பங்கு இவ்வளவு என்று வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரவர் போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு. யார் எவ்வளவு போட்டார் என்பதற்குச் சாட்சியம் இல்லாவிட்டால் இருவருக்கும் சமம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தம்பி இந்தப் பிரிவைத் தெரிந்து பேசினாரா, தெரியாமல் பேசினாரா தெரியாது, ஆனால் அவர் வாதம் நிற்கும் இடம் இதுதான்.

அந்தப் பிரிவு கேட்பது 1979இல் நிலத்துக்குக் கொடுத்த பணத்தை. கப்பலில் கொண்டுவந்த பணத்தை அது கேட்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் உங்கள் வீட்டுச் சண்டையின் வேர். தாத்தா வந்ததற்கும் நிலம் வாங்கியதற்கும் நடுவே நாலு வருடம். அதில் கூலி வேலை, வீட்டுச் செலவு, மறுவாழ்வுத் திட்டத்தில் கடன் ஏதாவது வாங்கியிருந்தால் அது, சீட்டுப் பணம், பாட்டியின் நகை எல்லாம் கலந்திருக்கும். சின்னத் தாத்தாவுக்கு நடுவே ஒரு வருடம்கூட முழுசாக இல்லை என்றால், அவர் கொண்டுவந்தது கொஞ்சமே ஆனாலும் அப்படியே நிலத்துக்குப் போயிருக்கலாம். 4,620க்கு 2,420 என்று மூன்றில் இரண்டு பங்கு கேட்கலாம் என்று உங்களுக்கு இப்போது ஒரு ஆசை வந்திருந்தால், அந்த எண்களை வைத்துக் கேட்க முடியாது.

ஆகவே பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுத்து, கிரயத் தொகை எப்படிச் செலுத்தப்பட்டது என்ற பத்தியை வரிவரியாகப் படியுங்கள். "எங்களில் முதலாமவர் இவ்வளவு, இரண்டாமவர் இவ்வளவு" என்று இருந்தால் அதுவே விடை, விகிதக் கணக்கே வேண்டாம். முன்பணத்துக்கு ரசீது, கைச்சீட்டு எதுவும் இருக்கிறதா பாருங்கள். தாயகம் திரும்பியோருக்கென்று 1969இல் தொடங்கிய ரெப்கோ வங்கியில் தாத்தாக்களில் யாராவது அந்த வருடம் கடன் வாங்கியிருந்தால் அந்தக் கடன் தாளும் சாட்சியமாகும். இவை ஒன்றும் இல்லாவிட்டால் சட்டம் சொல்வது 35 சென்ட், 35 சென்ட். என் யோசனையும் அதுதான். தாள் இல்லாமல் வழக்குக்குப் போனால் 70 சென்ட் தேயிலை சில வருடம் தரும் பச்சை இலைப் பணம் முழுக்க வக்கீல் செலவுக்குப் போகும். குன்னூர் ஏலத்தில் தேயிலை போகும் விலைக்குத் தக்கபடிதான் இலைக்கும் விலை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்திரத்தோடு ஒரு முறை சொத்து வழக்குப் பார்க்கும் வக்கீலைப் பாருங்கள், 45ஆவது பிரிவு என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

கடைசிக் கேள்வி, கணக்கில் மீதி. சேமலாப நிதி இலங்கையில் 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. நிதி அங்கே மத்திய வங்கியின் பொறுப்பில் இருக்கிறது, பணம் கேட்கும் விண்ணப்பத்தைப் பார்ப்பது தொழில் திணைக்களம் (நம் ஊர்த் தொழிலாளர் துறை போல). உறுப்பினர் இறந்திருந்தால் வாரிசுகள் கேட்கலாம். தாத்தாவின் தாளிலிருந்து உறுப்பினர் எண், தோட்டத்தின் எண், தோட்டத்தின் பெயர் மூன்றையும் அங்கே எழுதியிருக்கும் எழுத்திலேயே எடுத்து எழுதுங்கள், நம் வழக்கில் சொல்லும் பெயரில் எழுதினால் தேடிக் கிடைக்காது. தமிழில் எழுதினாலும் பதில் வரும், தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. அந்தத் தாளில் "முழுவதும் தீர்ந்தது" என்ற பொருளில் முத்திரையோ வரியோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தபால் செலவு வீண். இல்லாமல், ஒரு மீதி உண்டு என்று பதில் வந்தால், அந்தத் தொகையை மாற்றும்போது அண்ணனின் செல்போனைத் திறக்கலாம். அங்கே இன்றைய விகிதம்தான் சரி, வங்கி அதிலிருந்தும் கொஞ்சம் குறைத்துத்தான் தரும்.